மில் சுவரில் மிதந்தவள்

சண்முகவடிவுக்குக் கண்ணில் பூ விழுந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குமே தெரியவில்லை. அருப்புக்கோட்டை பஜாரில் மாதவன் முதலாளியின் சேலைக்கடையில் அவள் பல வருடங்களாக வேலை பார்த்தாள். ஒரு நாள் அரக்கு கேட்ட பெண்ணுக்குக் காப்பிக் கலரைப் பிரித்துப் போட்டாள். இன்னொரு நாள் ராமர் பச்சையையும் மயில்கழுத்தையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, எது எது என்று பார்க்க வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். அங்கேயும் பிடிபடவில்லை. ஊரும் காடும் வானமும் மெல்ல மெல்ல ஆறிப்போன டீயின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. வறண்ட கரிசல் ஊரான பாலவனத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இந்த வருடம் கோடை கொஞ்சம் நீளம் என்று நினைத்துக்கொண்டாள்.

மாதவன்தான் அவளைக் கண் டாக்டரிடம் போகச் சொன்னார். சர்க்கரை இருப்பதால் இந்த வயதிலேயே புரை முற்றிவிட்டது என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்தபோது வார்டு மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. நீல நிற வாளி. சண்முகவடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தெரியுதா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இந்த வாளி எப்பவும் இந்தக் கலருதானா?"

நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நீலத்தையும் இத்தனை நாள் யார் வாங்கி ஒளித்துவைத்திருந்தார்கள் என்று இருந்தது அவளுக்கு.

வீட்டில் ஓய்வெடுத்த நாட்களில் கணவன் கோட்டைச்சாமி தன் பழைய போனை அவளிடம் கொடுத்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர், வண்டியிலிருந்து பேசுவதற்காகக் கொடுத்தது. அவள் அதில் பேசியதைவிடப் படம் எடுத்ததுதான் அதிகம். பக்கத்து வீட்டுக் கதவு, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சீருடை, கோயில் சுவரில் பட்டை பட்டையாக அடித்த காவி, மத்தியான வானம். மாலையில் அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அவர் எல்லாவற்றுக்கும், "கதவு நல்லாருக்கு", "வானம் நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில்தான் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

பஸ் பாலவனத்தத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே ஓடும்போது ஒரு நூல்மில்லின் நீண்ட மதில் வரும். அவள் நினைவில் அது வெறும் சுண்ணாம்புச் சுவர். அன்றைக்கு அங்கே சுவர் இல்லை, தண்ணீர் இருந்தது. அடியில் கரும்பச்சையாகத் தொடங்கி மேலே போகப்போக நீலமாகத் தெளிகிற தண்ணீர். அதில் ஒரு பெண் சேலை விரிந்து கிடக்க, கண்ணை மூடி மல்லாந்து மிதந்தாள். அவள் கூந்தல் அவிழ்ந்து, இழை இழையாக நூலைப்போலப் பிரிந்து, மதில் நெடுக ஓடியது. கூந்தல் முடியும் மூலையில் ஒரு வட்டம், அதற்குள் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு. அந்த மில்லின் நூல் மூட்டைகளில் எல்லாம் இருக்கும் மார்க் அது.

பஸ் போய்விட்டது. சண்முகவடிவு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பெண் எப்போதிலிருந்து இங்கே மிதக்கிறாள்? தினம் இந்த வழியாகத்தானே போனோம், கண் மங்கியிருந்ததால் நமக்குத் தெரியாமலே இருந்தாளோ? யாரிடமாவது கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால், கண் திறந்ததும் தனக்குக் கிடைத்த ஒன்று எல்லாருக்கும் உரியதாகிவிடும் என்று ஒரு பயம்.

அதன்பிறகு காலைப் பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மதில் நெருங்க நெருங்கப் பஸ் தண்ணீருக்குள் இறங்குவதாக அவளுக்குத் தோன்றும். இருபுறமும் நிற்கும் சீமைக்கருவேலம் நீருக்கடியில் ஆடும் பாசியாகிவிடும். கண்டக்டரின் விசில் எங்கோ மேலே, கரையிலிருந்து யாரோ ஊதுவதுபோலக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது குமிழ் குமிழாக எழும்பிப் போகும். மிதப்பவளைத் தாண்டியதும் பஸ் மெல்லக் கரையேறும். வெயில் சுளீரென்று முகத்தில் அடிக்கும். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடுவாள். தினமும் ஒரு படமாவது எடுத்துவிடுவாள். கையில் ஆட்டம் இருக்கும், ஜன்னல் கம்பி குறுக்கே விழும். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் செம்மறி ஆட்டு மந்தை ஒன்று மதிலை ஒட்டிப் போனது. பஸ் நின்று வழிவிட்டது. நூறு ஆடுகள் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். அவற்றின் முதுகுகள் சுவரின் அடிப்பக்கம் நெடுக ஏறி இறங்கிப் புரண்டன. புழுதி எழுந்து நுரையாக நின்றது. மிதப்பவள் நிஜமாகவே அலைமேல் ஏறி இறங்கினாள். சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். அந்தப் படத்தில் கம்பியும் விழவில்லை, கையும் ஆடவில்லை; மூலைக் கொக்குவரை எல்லாம் தெளிவாக இருந்தது.

அதை அவள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். மாதவன் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"வடிவு, இது நீ எடுத்ததா?"

"ஆமா மொதலாளி. பஸ்ஸுலருந்து."

"நானும் நூறு கம்பெனிக்காரன்கிட்ட டிசைன் கேட்டுட்டேன், ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கல. இந்தத் தீபாவளிக்கு நம்ம கடைத் துணிப்பையில இதையே போட்டுருவோமா?"

சேலைக்கடைக்கு ஏற்ற படம். தண்ணீர், கூந்தல், விரிந்து கிடக்கும் சேலை. சண்முகவடிவு தலையை ஆட்டினாள். பைகள் வந்தபோது படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், 'படம்: சண்முகவடிவு' என்று இருந்தது. மாதவன் சொல்லாமலே செய்தது. அவள் ஒரு பையை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கோட்டைச்சாமி தன் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒன்றை மாட்டிக்கொண்டார்.

தீபாவளி முடிந்து கடை கொஞ்சம் மூச்சுவிட்ட ஒரு மத்தியானம் பையில் அச்சடித்திருந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. மாதவன் ஸ்பீக்கரில் போட்டார். இளம்பெண்ணின் குரல்.

"அண்ணாச்சி, உங்க கடைப் பையைப் பத்திப் பேசணும்."

"சொல்லும்மா. பை கிழிஞ்சுருச்சா?"

"பை நல்லாத்தான் இருக்கு. அதுல இருக்கற படம் என்னோடது."

"அது எங்க கடையில வேலை பாக்கற வடிவு எடுத்த போட்டோம்மா. பேருகூடப் போட்டுருக்கோமே."

"போட்டோ அவுகளோடது. போட்டோவுக்குள்ள இருக்கற படம்? அந்த மில்லுச் சுவத்துல வரைஞ்சது நான். என் பேரு கிருஷ்ணப்ரியா."

சேலையை மடித்துக்கொண்டிருந்த சண்முகவடிவின் கை நின்றது.

"ரோட்டோரச் சுவருதானம்மா. போறவுக வாரவுக எல்லாரும் பாக்கறதுதான?"

"பாக்கத்தான் வரைஞ்சேன். யாராச்சும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா எனக்குச் சந்தோஷந்தான். ஆனா ஒரு கடைக்கு விளம்பரமாப் போடறதுன்னா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல? நேத்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா மடியில என் படம் இருக்கு. கீழ வேற யாரோ பேரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க."

மாதவன் ஒரு பையை எடுத்துப் படத்துக்குக் கீழே இருந்த பேரைப் பார்த்தார். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். அந்த வாரமே மில் மேனேஜரும் பேசினார். "எங்க கொக்கு உங்க பையில என்ன செய்யுது? மில்லுலயே துணிக்கடையும் ஆரம்பிச்சுட்டீங்களான்னு எங்க ஏஜெண்ட் எங்களைக் கேக்கறாரு" என்றார்.

மாதவனின் மைத்துனர் அருஞ்சுனை அருப்புக்கோட்டையில் வக்கீல். கடைக்கு வந்து, ஒரு பையை மேஜையில் விரித்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அத்தான், இது செலையா இருந்தா கவலையே இல்ல. பொது எடத்துல நெரந்தரமா நிக்கற செலையப் போட்டோ எடுத்துப் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. கட்டடத்துக்கும் அப்படித்தான். சினிமாவுல இந்த மாதிரிச் சுவரு வந்தாக்கூட அதுக்கு வழி இருக்கு. ஆனா சுவத்துல வரைஞ்ச ஓவியத்தைப் போட்டோ எடுத்து அச்சடிக்கறதுக்கு அப்படி வெளிப்படையா ஒண்ணும் இல்ல. வாதாடிப் பாக்கலாம். அதுக்குள்ள எத்தனையோ தீபாவளி போயிரும்."

"சுவரு மில்லுக்காரகளோடதுதானடா?"

"சுவரு அவுகளது. அவுக காசு குடுத்து வரையச் சொல்லியிருந்தா, வேற மாதிரி எழுதிக்காத பட்சத்துல, படத்து உரிமையும் அவுகளுக்குப் போயிருக்கும். நான் விசாரிச்சுட்டேன், அந்தப் பொண்ணு தானாப் போயிச் சுவரைக் கேட்டிருக்கு. பெயிண்டும் அதோடதுதான். மூலையில கொக்கை மட்டும் வரைஞ்சு குடுன்னு மில்லுல சொல்லியிருக்காக, அவ்வளவுதான். அதனால படம் அதோடது. உரிமை யாருகிட்ட இருந்தாலும் வரைஞ்சவ பேரை மறைக்க முடியாது. கொக்கு வேற சங்கதி, அது மில்லோட மார்க்கு. அவுக நூல் விக்கறாக, நீங்க துணி விக்கறீங்க. ஒரே பையில ரெண்டையும் பாத்தா கூட்டு வியாபாரம்னுதான் சனம் நெனைக்கும்."

சண்முகவடிவு மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் எடுத்தது என்னோடது இல்லியா சார்?"

"போட்டோ உங்களோடதுதாம்மா. நீங்க சம்மதிக்காம அந்தப் பொண்ணும் இந்தப் போட்டோவை எங்கயும் போட முடியாது. அது சம்மதிக்காம நீங்களும் அச்சடிக்க முடியாது. ரெண்டு சாவி போட்டுத் தெறக்கற பூட்டுன்னு வச்சுக்கங்க."

அவளுக்குச் சட்டம் புரிந்தது. உள்ளே வலித்தது வேறு ஏதோ. அந்தப் பெண் எப்போதும் அங்கே மிதந்துகொண்டிருந்தவள் இல்லை. தான் கண்ணில் கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், யாரோ ஒருத்தி வெயிலில் நின்று, கை வலிக்க வலிக்க அவளை வரைந்திருக்கிறாள். வானத்தைப்போல, கண்மாயைப்போல, அது பாட்டுக்கு இருந்த ஒன்றுதான் தன் கண்ணில் பட்டது என்று நம்பியிருந்தோமே! அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் தண்ணீருக்குள் இறங்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த பையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"எதுக்கு எடுக்குற?" என்றார் கோட்டைச்சாமி.

"அதுல என் பேரு மட்டும் இருக்கு."

மறுநாள் டிரைவரிடம் கெஞ்சி மதிலுக்கு எதிரே இறங்கிக்கொண்டாள். பஸ் போனதும் காடு சத்தமில்லாமல் ஆனது. ரோட்டைக் கடந்து சுவரை நோக்கி நடந்தாள். கிட்டே போகப் போக மிதப்பவள் கலைந்தாள். முகம் கரைந்து திட்டுத் திட்டான நிறங்களாயிற்று. தண்ணீர் முழுவதும் பிரஷ் இழுத்த தடங்கள், வழிந்து உறைந்த சொட்டுகள். கூந்தலின் இழைமேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் நீலத்தின்மேல் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ஏணியில் ஏறும்போது ஊன்றிய கையாக இருக்கும். சண்முகவடிவு தன் கையை அதன்மேல் வைத்தாள். சுவர் இதமாகச் சூடாயிருந்தது, உயிருள்ள உடம்பைத் தொட்டதுபோல. எருக்கஞ்செடிகளை விலக்கியபோது அடியில் வெள்ளையில் எழுதியிருந்தது: 'கிருஷ்ணப்ரியா, திருச்சுழி.' பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

அங்கே நின்றபடியே மாதவனிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"தாயி, நாந்தான் சண்முகவடிவு. பையில பேரு இருக்குல்ல, அது."

பேசிக்கொண்டே காலடியில் நின்ற எருக்கஞ்செடியைப் பிடுங்கிப் போட்டாள்.

"நீ வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. யாரோ வரைஞ்சிருப்பாகன்னே எனக்குத் தோணல. ஒம் பேரை இப்பத்தான் பாத்தேன், எருக்கஞ்செடி மறைச்சிருந்துச்சு. செடியைப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

"ஞாயித்துக்கெழம வாரேன்க்கா, நீங்களும் அங்கயே வந்துருங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தாள். மெலிந்த பெண். மதுரையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை. ஸ்கூட்டரை நிறுத்தியதும் சண்முகவடிவைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்தாள். வரைந்து முடித்துப் போனபிறகு அவள் இந்தப் பக்கம் வரவே இல்லையாம்.

"கோவந்தான்க்கா எனக்கு. வண்டியில வாரப்ப என்னென்ன பேசணும்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

"பேசு தாயி. கேக்கத்தான் நிக்கறேன்."

கிருஷ்ணப்ரியா ரோட்டோர வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள். சண்முகவடிவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது கடலா தாயி?"

"கடல் இல்லக்கா. எங்க ஊருக் கோயில் கதை தெரியும்ல? ஒலகத்தையே அழிக்க வந்த வெள்ளத்தைச் சாமி சுழியாச் சுழட்டிப் பூமிக்குள்ள அனுப்பிட்டாருன்னு சொல்லுவாக. சின்னப்புள்ளையில நான் எல்லாத்துகிட்டயும் கேப்பேன், அந்தத் தண்ணி இப்ப எங்க இருக்குன்னு. ஒருத்தரும் சொல்ல மாட்டாக. நானா நெனச்சுக்குவேன், நம்ம காலுக்குக் கீழதான் கெடக்குன்னு. இந்தக் காடு பூராவும் அதுமேல மெதக்குதுன்னு. அந்தத் தண்ணிதான் இது."

சண்முகவடிவு ரோட்டைக் காட்டினாள். "இந்த எடம் வந்தா பஸ்ஸு தண்ணிக்கு அடியில போகும் எனக்கு. யாருகிட்டயும் சொன்னதில்ல, சிரிப்பாகன்னு."

கிருஷ்ணப்ரியா திரும்பி முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தாள்.

சண்முகவடிவு போனைத் திறந்து கொடுத்தாள். மழை நனைத்துக் கருத்த சுவர். மூடுபனிக் காலையில் முகம் மட்டும் தெரியும் சுவர். காதுகுத்துக்குப் போகும் வேன் குறுக்கே நிற்கும் சுவர். யாரோ நோட்டீஸ் ஒட்டி, யாரோ கிழித்த சுவர். மாலை வெயிலில் பஸ்ஸின் நிழல் ஒரு பெரிய மீனாக நீந்திப்போகும் சுவர். கிருஷ்ணப்ரியா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஆட்டு மந்தையில் விரல் நின்றது.

"நுரை எனக்கு வரவே இல்லக்கா. எத்தனை தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். கடைசியில வேணாம்னு விட்டுட்டேன்." திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆடு வந்து வரைஞ்சிருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கிருஷ்ணப்ரியா கறாராகச் சொன்னாள். "ஆனா பை வேண்டாம்க்கா. ஒரு கடைப் பேருக்குக் கீழ அவளை மெதக்க விட நான் வரையல."

கடையில் இன்னும் ஒரு அறை நிறையப் பைகள் இருந்தன. சண்முகவடிவு சேலைக்கடைக்காரி. துணியைப் பார்த்தால் அவளுக்கு அதன் மறுபக்கமும் சேர்ந்துதான் தெரியும். "திருப்பிப் போட்டுட்டா?" என்றாள். "உள்பக்கத்தை வெளிய எடுத்து, காதைப் பிரிச்சு மறுபடி தச்சுட்டா? வெளியில பாத்தா வெறும் பை. நீ வேணாம்னா அதுவும் வேணாம்."

கிருஷ்ணப்ரியா மறுபடி சுவரைப் பார்த்தாள். பிறகு, "உள்ள இருந்தா சரி" என்றாள். "என் பேரு இருக்கணும்."

மாதவன் முகம் வாடியது, ஆனாலும் ஒத்துக்கொண்டார். படத்துக்குக் கீழே, 'ஓவியம்: கிருஷ்ணப்ரியா' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கொக்கும் உள்ளே போனதில் மில்லுக்குத் திருப்தி. கடைப்பெண்கள் மத்தியான நேரங்களில் உட்கார்ந்து பைகளைத் திருப்பித் தைத்தார்கள். தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கிப்போன பெண்கள் வீட்டில் பையைக் கவிழ்க்கும்போது அடியில் தண்ணீரைக் கண்டார்கள். எங்கள் வீட்டுப் பையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒருத்தி கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தை மாதம் கிருஷ்ணப்ரியா மதுரையில் ஒரு சின்னக் கூடத்தை எடுத்துத் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தாள். ஒரு சுவர் முழுவதும் சண்முகவடிவின் படங்கள், ஜன்னல் கம்பி விழுந்தவையும் சேர்த்து. கீழே இரண்டு பேர்கள். போடலாமா என்று ஒவ்வொரு படத்துக்கும் போனில் கேட்டுக் கேட்டுத்தான் போட்டாள். கோட்டைச்சாமி வெள்ளை வேட்டியில் வந்து ஒவ்வொன்றின் முன்பும் நின்றார். "நல்லாருக்கு" என்று அவர் சொல்லவில்லை. கடைசிப் படத்துக்கு வந்ததும், "இத்தனையுமா நீ பாத்த?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பின்னும் சண்முகவடிவு படம் எடுக்கிறாள். ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டுப் போவதில்லை, இறங்கி விசாரிக்கிறாள். போன மாதம் ஒரு விசேஷத்துக்காகப் பந்தல்குடிக்குப் போனவள், தூத்துக்குடி ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடையின் பக்கச் சுவரில் புலி ஒன்றைக் கண்டாள். மஞ்சள் புலி. புல்லுக்குள் படுத்து, போகும் லாரிகளைத் தூக்கக் கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள்.

கடைக்காரர் உள்ளே கையைக் காட்டினார். அவர் மனைவி முத்துத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாந்தான். எதுக்கு?"

"ஒரு போட்டோ எடுத்துக்கிறட்டா? எனக்குப் பாக்கத்தான். வேற எங்கயும் போடறதா இருந்தா ஒங்களைக் கேட்டுத்தான் போடுவேன்."

முத்துத்தாய் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"எடுத்துக்கங்க. ஆனா இப்ப வேணாம். வாலு இன்னும் வரையல. வாலு இல்லாத புலியப் படம் எடுத்துட்டுப் போனா எனக்குத்தான கேவலம்?"

"எப்ப வரைவீக?"

"ஒலை வச்சிருக்கேன். சோத்தை வடிச்சுட்டு வாரேன், இருங்க."

சண்முகவடிவு ஒரு தேய்ந்த லாரி டயரின்மேல் உட்கார்ந்தாள். ரோட்டின் தூரத்தில் கானல் நெளிந்தது. உப்பு லாரிகள் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முளைத்து வந்து, இரைந்துகொண்டே தாண்டிப் போயின. விசேஷ வீட்டில் பந்தி தொடங்கியிருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. முத்துத்தாய் ஒரு கொட்டாங்கச்சியில் கறுப்பு பெயிண்டும், இன்னொன்றில் மஞ்சளுமாக வந்து, சுவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பிரஷைத் தோய்த்தாள்.